ஆள் இல்லாத அறையில் ஒரு சர்வர்: தானே எழுந்து ஓடவைப்பது எப்படி

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உங்கள் சர்வரின் முன் உட்காருங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி சொருகுங்கள். வேலை பழையபடி ஓடத் தொடங்கும் வரை எத்தனை முறை அதன் மேல் கை வைத்தீர்கள் என்று தாளில் கோடு போடுங்கள். பவர் பட்டனுக்கு ஒரு கோடு. ‘கீபோர்டு இல்லை, எஃப்1 அழுத்தவும்’ என்று திரையில் நின்றால் ஒரு கோடு. பாஸ்வேர்டு கேட்டால் ஒரு கோடு. உள்ளே போய் புரோகிராமை நீங்களே ஓட்டிவிட்டால் இன்னொன்று.

பக்கத்து மேசையில் இருக்கும் கணினிக்கு இந்தக் கோடுகள் ஒரு பொருட்டே இல்லை. அதே பெட்டி ஆறு மணி நேரத் தொலைவில், மலை மேல் பூட்டிய அறையில் இருந்தால் ஒவ்வொரு கோடும் ஒரு பஸ் பயணம். நான் சில வருடங்களாக இப்படிப்பட்ட சின்னப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் ஓடும் மினி பிசிக்கள், கூடவே இரண்டு ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவுக் கணினி). சென்சார்கள் தரும் கணக்கைச் சேர்த்துவைத்து அனுப்புவது அவற்றின் வேலை. பெட்டி முழுசாகச் செத்துப்போவது அபூர்வம் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலான நாட்களில் அது உயிரோடுதான் இருக்கும். எங்கோ ஓர் இடத்தில் மனிதக் கைக்காகக் காத்து நிற்கும். அந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்போம், கரண்டில் தொடங்கி.

கரண்ட் வந்ததும் எழ வேண்டும்

முதலில் பயாஸுக்குள் போங்கள், லினக்ஸுக்கும் முன்னால் ஓடும் போர்டின் மென்பொருள் அது. மின்சாரம் போய் வந்தால் என்ன செய்வது என்று ஓர் அமைப்பு இருக்கும். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். ‘ரெஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பது போல இருக்கும். அணைந்தே இரு, முன்பிருந்த நிலைக்குப் போ, எழுந்துகொள் என்று மூன்று தேர்வுகள். பலரும் நடுவில் இருப்பதை வைப்பார்கள். வேண்டாம். யூபிஎஸ் பேட்டரி தீரும் நேரத்தில் பெட்டி ஒழுங்காக ஷட்டவுன் ஆகியிருந்தால், அதன் முன்பிருந்த நிலை ‘அணைந்தது’தான். எழுந்துகொள் என்பதையே வையுங்கள். கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் போகும்படி இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் நினைவில் வைத்திருப்பது போர்டில் இருக்கும் ஒரு காசு பேட்டரி, சிஆர்2032. அது தீர்ந்தபின் கரண்ட் போனால், பல போர்டுகளில் பயாஸ் தன் பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அமைப்பும் போய்விடும். பழைய பெட்டியை அனுப்புகிறீர்கள் என்றால் புதுப் பேட்டரி போட்டு அனுப்புங்கள்.

அடுத்தது யூபிஎஸ். இங்கே ஒரு பொறி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கரண்ட் போகிறது. பேட்டரி தேய்ந்துகொண்டே வருகிறது. ‘இனி தாங்காது’ என்று யூபிஎஸ் யூஎஸ்பி வழியாகச் சொல்கிறது. சர்வர் ஷட்டவுனைத் தொடங்குகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் திரும்பிவிடுகிறது. சர்வர் அணைந்து முடிக்கிறது, ஆனால் யூபிஎஸ்ஸில் இருந்து அதற்கு வரும் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மின்சாரம் போகவே இல்லை என்றால் திரும்பி வந்ததாக பயாஸ் எப்படி உணரும்? அறையில் விளக்கு எரியும், யூபிஎஸ் பச்சையாக இருக்கும், சர்வர் மட்டும் யாராவது பட்டனை அழுத்தும் வரை தூங்கும். எனக்கு இது ஒரு முறை நடந்தது. மூன்று நாள் கணக்கு போனது.

இதற்கு வழி, ஷட்டவுனின் கடைசிப் படியில் சர்வரே யூபிஎஸ்ஸிடம் ‘வெளியே போகும் மின்சாரத்தை அறுத்துவிட்டு, பிறகு கொடு’ என்று சொல்லிவிட்டு அணைவது. லினக்ஸில் நட் என்ற மென்பொருள் இதைச் செய்யும். யூஎஸ்பி யூபிஎஸ்களுக்கான அதன் டிரைவரில் இயல்பாக 20 நொடியில் அறுக்கும், 30 நொடியில் திரும்பக் கொடுக்கும் என்று இருக்கும். கொடுக்கும் நேரம் எப்போதும் அறுக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். விலை குறைந்த சில யூபிஎஸ்கள் இந்தக் கட்டளையைக் கேட்பதே இல்லை. அதனால் வாங்கியவுடன் சோதித்துப் பாருங்கள். பேட்டரி விஷயத்தில், சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம் வரும்; அறை சூடாக இருந்தால் அதற்கும் முன்பே போய்விடும். மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

பூட் ஆகும்போது கேள்வி கேட்கக் கூடாது

கரண்ட் வந்து பெட்டி எழுந்துவிட்டது, சரி. லினக்ஸ் முழுசாக மேலே வரும் வரை நடுவில் நான்கைந்து இடங்களில் அது நின்று யாரையாவது கேட்கக்கூடும்.

உபுண்டுவில், முந்தைய பூட் பாதியில் நின்றிருந்தால், லினக்ஸை எழுப்பிவிடும் க்ரப் என்ற புரோகிராமின் மெனு அடுத்த முறை வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்கும். பழைய பதிப்புகளில் யாராவது என்டர் தட்டும் வரை நிற்கும். க்ரப் அமைப்புக் கோப்பில் ‘ரெக்கார்ட்ஃபெயில் டைம்அவுட்’ என்பதை ஐந்து நொடி என்று எழுதிவிடுங்கள்.

கரண்ட் சட்டென்று போனதால் டிஸ்க்கில் பிழை இருந்தால், சரி செய்யட்டுமா என்று கேட்டு நிற்க வாய்ப்பு உண்டு. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு பூட் ஆகும்போது தரும் வரியில் ‘எஃப்எஸ்சிகே.ரிப்பேர்=யெஸ்’ சேர்த்தால் கேட்காமலே சரி செய்யும். கெர்னலே நிலைகுலைந்து பேனிக் ஆனால், அது இயல்பாக அப்படியே உறைந்து நிற்கும். ‘கெர்னல்.பேனிக்’ மதிப்பை 10 என்று வைத்தால் பத்து நொடி பொறுத்து தானே ரீபூட் ஆகும்.

என்னை அதிகம் அலையவிட்டது இவை எதுவும் இல்லை, ஒரு யூஎஸ்பி டிஸ்க். பேக்கப்புக்காக ஒரு பெட்டியில் சொருகி, பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியும் எழுதிவிட்டு வந்திருந்தேன். மழைக்காலத்தில் அந்த டிஸ்க் செத்துப்போனது. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு ரீபூட். பெட்டி எழுந்தது, டிஸ்க்குக்காகத் தொண்ணூறு நொடி காத்தது, பிறகு எமர்ஜென்சி மோடுக்குள் போய்விட்டது. அங்கே எஸ்எஸ்ஹெச் கிடையாது, அதாவது தூரத்திலிருந்து உள்ளே நுழைய வழி இல்லை. நான் போய் மானிட்டரை மாட்டியபோது கறுப்புத் திரையில் ஒரே வரிதான் இருந்தது: பராமரிப்புக்கு ரூட் பாஸ்வேர்டைக் கொடு, இல்லையென்றால் கன்ட்ரோல்-டி அழுத்து. நெட்வொர்க் விளக்குகூட சிமிட்டிக்கொண்டிருந்தது. பேக்கப் டிஸ்க் இல்லாமலே பெட்டி தன் வேலையைச் செய்திருக்க முடியும். அதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. எஃப்எஸ்டேப்பில் ரூட் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா வரியிலும் ‘நோஃபெயில்’ என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டியிருந்தால் பூட் ஆகும்போதே பாஸ்வேர்டு கேட்கும். போர்டில் சாவியைப் பத்திரமாக வைத்திருக்கும் டிபிஎம் சிப் இருந்தால் அது தானே திறக்கும்படி அமைக்கலாம். இல்லையென்றால் இயங்குதளத்தைத் திறந்தே விட்டு, ரகசியத் தரவு இருக்கும் பகுதியை மட்டும் பூட்டிவைப்பது போதும். பூட்டிய பகுதியைப் பிறகு எஸ்எஸ்ஹெச் வழியாக நீங்களே திறந்துகொள்ளலாம். அதற்குள் பெட்டி உங்களுடன் பேசும் நிலைக்கு வந்திருக்கும்.

புரோகிராம் விழுந்தால் தானே எழ வேண்டும்

லினக்ஸில் மற்றப் புரோகிராம்களை ஓட்டி மேய்ப்பது சிஸ்டம்டி. உங்கள் புரோகிராமை அதன் சர்வீஸாக எழுதி, ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ என்று போடுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள். இதோடு நின்றால் போதாது. சிஸ்டம்டியின் இயல்பு, ஒரு சர்வீஸ் விழுந்தால் 100 மில்லி நொடியில் மறுபடி ஓட்டுவது. பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்க வேண்டியிருந்தால் ‘இது தேறாது’ என்று கைவிடுவது. கரண்ட் வந்த புதிதில் நெட் வர அரை நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். நெட் இல்லாமல் உங்கள் புரோகிராம் விழும், எழும், விழும். ஒரு நொடிகூட ஆவதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும். அரை நிமிடம் கழித்து நெட் வரும்போது சர்வீஸ் ‘ஃபெயில்ட்’ என்று படுத்திருக்கும். ‘ரீஸ்டார்ட்செக்’ மதிப்பைப் பத்து நொடி ஆக்குங்கள், ‘ஸ்டார்ட்லிமிட்இன்டர்வெல்செக்’ மதிப்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். பிறகு அது கைவிடவே செய்யாது.

விழுவதைவிட மோசமானது ஹேங் ஆவது. புரோகிராம் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. இதற்கு சிஸ்டம்டியில் ‘வாட்ச்டாக்செக்’ இருக்கிறது: புரோகிராம் குறித்த நேரத்துக்கு ஒரு முறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கொன்று மறுபடி ஓட்டும். அந்த ‘இருக்கிறேன்’ என்ற வரியை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். தனி த்ரெட்டில், அதாவது புரோகிராமுக்குள் பக்கத்தில் தனியாக ஓடும் இழையில், வைத்தால் உண்மையான வேலை நின்ற பிறகும் அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சென்சார் கணக்கு உண்மையாகவே எழுதி முடிந்த இடத்துக்கு அடுத்த வரியில் வையுங்கள்.

நினைவகத்தை மெல்ல மெல்லத் தின்னும் புரோகிராமுக்கு ‘மெமரிமேக்ஸ்’ வரம்பு போடுங்கள். எல்லை தாண்டினால் அது மட்டும் விழுந்து எழும், பெட்டி முழுவதும் திணறாது.

பெட்டியே உறைந்தால்

சிஸ்டம்டியும் சேர்ந்து உறைந்துவிட்டால் அதைப் பார்த்துக்கொள்ள சிப்பிலேயே ஒரு கடிகாரம் இருக்கிறது. அதற்குப் பெயர் ஹார்டுவேர் வாட்ச்டாக். அது கீழ்நோக்கி எண்ணிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்தைத் தொடுவதற்குள் லினக்ஸ் அதைத் தட்டிவிட வேண்டும். தட்டவில்லை என்றால் யாரையும் கேட்காமல் ரீசெட். சிஸ்டம்டி அமைப்பில் ‘ரன்டைம்வாட்ச்டாக்செக்’ என்ற ஒரே வரியில் இதை இயக்கலாம். ராஸ்பெரி பையில் அந்தக் கடிகாரத்தின் உச்சம் ஏறக்குறைய 15 நொடிதான், அதனால் 14 என்று வைக்கலாம். மினி பிசியில் வாட்ச்டாக் டிரைவர் தானாக ஏறாமல் இருக்கக்கூடும். டெவ் கோப்புறையில் ‘வாட்ச்டாக்’ என்ற கோப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க் நிரம்பக் கூடாது, கார்டு தேயக் கூடாது

மாதக்கணக்கில் ஆள் தொடாத பெட்டி என்றால் டிஸ்க் நிரம்பியே தீரும், நீங்கள் தடுக்காவிட்டால். சிஸ்டம்டி எழுதிவைக்கும் பதிவான லாக்குக்கு ‘சிஸ்டம்மேக்ஸ்யூஸ்’ 200 எம்பி என்று எல்லை போடுங்கள். புரோகிராம்களைத் தனித்தனிக் கன்டெய்னருக்குள் ஓட்டும் டாக்கரை வைத்திருந்தால் அதன் கன்டெய்னர் லாக்குகளுக்கு இயல்பாக எல்லையே கிடையாது. அதற்குத் தனியாகப் போட வேண்டும். சின்னச் சின்னக் கோப்புகளை லட்சக்கணக்கில் எழுதும் புரோகிராம் என்றால், இடம் மீதி இருக்கும்போதே ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் குறிப்பு) தீர்ந்துபோய் ‘டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்று வரும். அதையும் கண்காணிப்பில் சேருங்கள்.

ராஸ்பெரி பையில் எஸ்டி கார்டுதான் முதலில் போகும். எழுத எழுதத் தேயும் பொருள் அது. இயங்குதளம் இருக்கும் பகுதியை எழுத முடியாததாக்கி, மாற்றங்களை நினைவகத்தில் மட்டும் வைக்கும் ஓவர்லேயை மேலே போட்டு ஓட்டுங்கள். பையின் அமைப்பு மெனுவிலேயே இந்த வசதி உண்டு. தரவை ஒரு சின்ன எஸ்எஸ்டியில் எழுதுங்கள்.

திரும்பி வரும் பாதை

மொபைல் நெட்டில் இருக்கும் பெட்டியை வெளியிலிருந்து நேரடியாகப் பிடிப்பது பெரும்பாலும் முடியாது. ஒரே பொது முகவரியின் பின்னால் ஏராளமான பேர் இருப்பார்கள். அதனால் பெட்டிதான் உங்களிடம் வர வேண்டும். வாடகைக்கு ஒரு சின்ன கிளவுடு சர்வர் எடுத்து, பெட்டியிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளால் ஒரு சுரங்கம், அதாவது பூட்டிய தனி இணைப்பு, போடுங்கள். ‘பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ்’ 25 நொடி என்று வைத்தால் பாதை மூடாமல் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வயர்கார்டு, சர்வரின் பெயரை ஐபி முகவரியாக மாற்றிக்கொள்வது சுரங்கம் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான். கிளவுடு சர்வரின் ஐபி மாறினால் பெட்டி பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். அதை அவ்வப்போது புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று வயர்கார்டு கருவிகளோடு எடுத்துக்காட்டாகவே வருகிறது, அதை டைமரில் போடுங்கள்.

இரண்டாவது பாதை கட்டாயம் வேண்டும், முதலாவதோடு எதையும் பகிராத பாதை. வேறு நிறுவனத்தின் சிம், வேறு கிளவுடு சர்வர், வயர்கார்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் ரிவர்ஸ் டனல் (பெட்டியே வெளியே இணைந்து உங்களுக்குத் திறந்துவிடும் பாதை). 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றதே, ஒரு தவறான கட்டளை அவர்களுடைய நெட்வொர்க்கை அறுத்தபோது அதைச் சரி செய்ய வேண்டிய உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கில்தான் இருந்தன. ப்ரீபெய்டு சிம்முக்கு ரீசார்ஜ் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கவும் மறக்காதீர்கள்.

யாரும் நீண்ட நேரம் பேசவில்லை என்றால், தன் பக்கம்தான் கோளாறு என்று பெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். வாயேஜர் 2 விண்கலத்தில் இப்படி ஒரு டைமர் இருக்கிறது. 1978 ஏப்ரலில் அதன் முதன்மை ரிசீவர் செயலிழந்தது. பூமியிலிருந்து எந்தக் கட்டளையும் போய்ச் சேரவில்லை. ஏழு நாள் முடிந்ததும் விண்கலம் தானாக இரண்டாவது ரிசீவருக்கு மாறிக்கொண்டது. அந்த ரிசீவரை நம்பித்தான் அதன் பிறகான பயணம் முழுவதும். நம் பெட்டிக்கும் அதே ஏணி: பதினைந்து நிமிடம் கிளவுடு சர்வர் தெரியவில்லை என்றால் மோடத்தை ரீசெட் செய், ஒரு மணி நேரம் என்றால் இரண்டாவது சிம்முக்கு மாறு, ஆறு மணி நேரம் என்றால் ரீபூட். எடுத்த எடுப்பில் ரீபூட்டுக்குப் போகாதீர்கள். சிம் கம்பெனியின் டவர் ஒரு நாள் முழுக்கப் படுத்தால், ஐந்து நிமிடத்துக்கொரு தரம் ரீபூட் ஆகி உங்கள் கணக்கும் போகும்.

ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்ய ஸ்மார்ட் பிளக் வாங்குபவர்கள், அது நெட் இல்லாமல் வேலை செய்யுமா என்று பார்த்து வாங்குங்கள். கிளவுடு வழியாக மட்டும் இயங்கும் பிளக், ரூட்டரை அணைத்த நொடியில் தானும் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

பழைய ராஸ்பெரி பைகளில் கரண்ட் இல்லாதபோது ஓடும் கடிகாரம் இல்லை. எழுந்தவுடன் தேதி தவறாக இருக்கும், தேதி தவறானால் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் சோதனைகள் தோற்கும், சோதனை தோற்றால் அனுப்ப முடியாது. பேட்டரியில் ஓடும் சின்ன ஆர்டிசி (கடிகார) மாட்யூல் ஒன்று மாட்டிவிடுங்கள்.

தூரத்திலிருந்து கை வைக்கும்போது

ஃபயர்வாலிலோ நெட்வொர்க்கிலோ மாற்றம் செய்வதற்கு முன், பத்து நிமிடத்தில் ரீபூட் என்று முதலில் கட்டளை கொடுத்துவிடுங்கள். மாற்றத்தைச் சேமிக்காமல் செய்து பாருங்கள். வெளியே பூட்டிக்கொண்டுவிட்டால் பத்து நிமிடம் பொறுத்தால் போதும், பெட்டி பழைய விதிகளோடு எழும். எல்லாம் சரி என்றால் ரீபூட்டை ரத்து செய்து, அப்புறம் சேமியுங்கள். உபுண்டுவில் ‘நெட்பிளான் ட்ரை’ என்ற கட்டளை, 120 நொடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் நெட்வொர்க் மாற்றத்தை ரீபூட் இல்லாமலே திருப்பிவிடும்.

பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் தானாக ஏறட்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் ‘அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்’ இதற்காகவே இருக்கிறது. ஆனால் எல்லாப் பெட்டியிலும் ஒரே நாளில் வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு பிழையான அப்டேட் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. பூட்டே ஆகாத கணினிகளை ஏராளமான இடங்களில் ஆள் நேரில் போய்த்தான் மீட்க வேண்டியிருந்தது. என் மேசையில் அதே மாடல் பெட்டி ஒன்று இருக்கிறது. அப்டேட் முதலில் அதில், மூன்று நாள் கழித்து மலை மேல்.

மௌனம்தான் அபாய மணி

பெட்டி கெட்டுப்போனால் அதுவே வந்து சொல்லாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ‘நலம்’ என்று வெளியே ஒரு செய்தி அனுப்பட்டும். மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால் வேறோர் இடத்தில் இருக்கும் கண்காணிப்பு உங்கள் போனை அடிக்கட்டும். செய்தியோடு டிஸ்க் மீதி, வெப்பம், எத்தனை முறை ரீபூட் ஆனது என்ற எண்ணிக்கை ஆகியவையும் வரட்டும். தானே எழும் பெட்டியில் இது மிகவும் தேவை. தினமும் நாலு முறை வாட்ச்டாக் ரீசெட் ஆகும் பெட்டி வெளியிலிருந்து பார்க்க நன்றாகத்தான் தெரியும்.

பூட்டிவிட்டு வருவதற்கு முன்

மானிட்டரும் கீபோர்டும் இல்லாமல் ஒரு வாரம் வீட்டிலேயே ஓட்டுங்கள். பத்து முறை பிளக்கைப் பிடுங்குங்கள், அதில் சில முறை பெட்டி பூட் ஆகிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குங்கள். கரண்ட் அப்படித்தான் வந்து வந்து போகும். க்ரப் மெனு காத்து நிற்பதை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன், எட்டாவது பிடுங்கலில். புரோகிராமைக் கொல்லுங்கள். டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்புங்கள். யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ரீபூட் செய்யுங்கள். நெட் கேபிளை ஒரு நாள் முழுக்கக் கழற்றி வையுங்கள். தாளில் ஒரு கோடுகூட விழாமல் இருந்தால்தான் பெட்டி வீட்டைத் தாண்டலாம்.

கடைசியாக, பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அந்த அறையின் சாவி வைத்திருக்கும் வாட்ச்மேன் அண்ணனுக்கு லினக்ஸ் தெரிய வேண்டியதில்லை. ‘பச்சை விளக்கு எரிந்தால் நலம். எரியாவிட்டால் கறுப்பு ஒயரைப் பிடுங்கி, முப்பது எண்ணி, மறுபடி சொருகவும். சிவப்பு ஒயரைத் தொட வேண்டாம். பிறகு போன் செய்யவும்.’ பெரிய எழுத்தில், அழியாத மார்க்கரில் எழுதி, மேலே செல்லோ டேப் ஒட்டுங்கள். பால்பாயின்ட் பேனாவில் எழுதிய என் முதல் சீட்டு, ஒரே மழைக்காலத்தின் ஈரத்தில் போன் நம்பரோடு சேர்ந்து வெளுத்துப் போனது.